ஒரு வருஷம்... ஒரு மலை... எட்டுப் பிள்ளைகள்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள். நீங்கள் நேராக அடுப்படிக்குப் போய், 'அம்மா, ஒரு வருஷம் எந்த காலேஜிலும் சேரப் போறதில்ல. வெளிநாட்டுல ஒரு ஏரிக்கரையில சின்னப் பசங்களுக்குப் படகு ஓட்டவும் பாறை ஏறவும் சொல்லித்தரப் போறேன். சம்பளம் கிடையாது' என்று சொல்கிறீர்கள். அடுத்து என்ன நடக்கும்?

கரண்டி பறக்கும். பெரியப்பாவுக்கு போன் போகும். சாயந்திரத்துக்குள் ஜோசியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள்!

பிரிட்டனில் இதே டயலாக்கைச் சொன்னால் பல வீடுகளில், 'குளிருக்கு நல்ல ஜாக்கெட்டா எடுத்துக்கோ' என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அங்கே இதற்கு 'கேப் இயர்' என்று பெயர். ஸ்கூல் முடித்து காலேஜுக்குள் நுழையும் முன், அல்லது டிகிரி முடித்து வேலையில் உட்காரும் முன், தெரிந்தே எடுத்துக்கொள்கிற ஒரு வருட இடைவெளி. காலேஜ் ஸீட்டை உறுதி செய்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்கூட உண்டு. சிலர் ஊர் சுற்றுகிறார்கள். சிலர் கடையில் வேலை பார்த்துக் காசு சேர்க்கிறார்கள். சிலர் வெளிநாட்டுக்கு வாலண்டியராகப் போகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் ஒரு கூட்டம் தேர்ந்தெடுப்பதுதான் 'அவுட்டோர் எஜுகேஷன்'. அதாவது மலை, ஆறு, கடல், காடு இதையெல்லாம் வகுப்பறையாக வைத்துப் பிள்ளைகளுக்குத் தைரியமும் கூட்டு வேலையும் பழக்குவது.

கேட்கவே ஜாலியா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஜாலி கொஞ்சம் இறங்கி, மரியாதை ஏறிவிட்டது. ஏன்னு சொல்றேன், வாங்க.

ஒன்பது மாச லீவு!

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் சேர ஒரு காலத்தில் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. ஸ்கூல் முடித்த பிறகும் ஒரு டெர்ம் உட்கார்ந்து படித்து, வருடக் கடைசியில் அதை எழுதுவார்கள். வகுப்பு தொடங்குவதோ அடுத்த அக்டோபரில். நடுவே முழுசாக ஒன்பது மாதம்! வீட்டில் சும்மா இருந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது?

அந்த வயதுப் பிள்ளைகளை உருப்படியாக எங்காவது அனுப்பலாமே என்று யோசித்தவர் அலெக் டிக்ஸன். அவரும் மனைவி மோராவும் 1958-ல் தொடங்கிய 'வி.எஸ்.ஓ.' அமைப்பு, ஸ்கூல் முடித்த 18 வயதுக்காரர்களை வெளிநாடுகளுக்கு வாலண்டியர்களாக அனுப்பியது. 1967-ல் 'ப்ராஜெக்ட் டிரஸ்ட்' வந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கோல் என்கிற குட்டித் தீவுதான் அதன் தலைமையகம். விண்ணப்பிக்கிற பிள்ளைகளை அந்தத் தீவுக்கே வரவழைத்துத் தாங்குவார்களா என்று பார்த்து எடுப்பது அவர்கள் பழக்கம். 1984-ல் 'ஆபரேஷன் ராலே' கிளம்பியது. பிற்பாடு 'ராலே இன்டர்நேஷனல்' ஆனது. 2000-ல் ஸ்கூல் முடித்த கையோடு இளவரசர் வில்லியம் பத்து வாரம் சிலி நாட்டுக்குப் போனது இவர்கள் மூலமாகத்தான். அங்கே அவர் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுகிற போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. நம்ம வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னாலே நமக்கு 'இன்டர்னல் எக்ஸாம்' ஞாபகம் வந்துவிடும்!

ஹிட்லரை எதிர்த்த வாத்தியார்

அவுட்டோர் எஜுகேஷனின் கதை இன்னும் சுவாரஸ்யம். குர்ட் ஹான் என்று ஒரு ஜெர்மன் யூத ஆசிரியர். சாலம் என்ற ஊரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதால் 1933-ல் ஜெயிலில் போட்டார்கள். பிரிட்டன் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வரை தலையிட்ட பிறகுதான் வெளியே வந்தார். நாட்டை விட்டு பிரிட்டனுக்குப் போய், 1934-ல் ஸ்காட்லாந்தில் 'கார்டன்ஸ்டன்' பள்ளியைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தார்கள். லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 'உடம்பில் தெம்புள்ள இளவட்டங்கள் சீக்கிரம் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். வயசான மாலுமிகள் தாக்குப் பிடிக்கிறார்கள்' என்று அவர் நம்பினார். தெம்பு மட்டும் போதாது, 'நம்மால் முடியும்' என்கிற அனுபவமும் வேண்டும் என்று ஹானும் அவரும் சேர்ந்து 1941-ல் வேல்ஸில் உள்ள அபர்டோவி என்ற கடலோர ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் 'அவுட்வர்ட் பவுண்ட்'.

அது நம்ம பக்கமும் வந்துவிட்டது. 1954-ல் மலேசியாவின் லூமுட், 1967-ல் சிங்கப்பூரின் உபின் தீவு என்று கிளை விட்டு, இன்றைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான 'செகண்டரி த்ரீ' பிள்ளைகளுக்கென்றே ஐந்து நாள் அவுட்வர்ட் பவுண்ட் முகாம் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் தமிழ்ப் பிள்ளைகளும் துடுப்பும் கையுமாகக் கிளம்ப வேண்டியதுதான்!

ஹீரோ வேலை இல்லீங்கோ!

சரி, வாலண்டியராகப் போனால் என்ன வேலை? 'உச்சியில நின்னு ரெண்டு கையையும் விரிச்சு ஒரு போட்டோ' என்று கனவு கண்டால், ஸாரி.

காலையில் முதல் வேலை சாமான் எடுத்து வைப்பது. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஹெல்மெட், எத்தனை லைஃப் ஜாக்கெட், அதில் எதன் கொக்கி உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாறை ஏறும் கயிற்றை விரலால் உருவிக்கொண்டே போய், எங்காவது நைந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயந்திரம் ஈரமான துணி, சேறு அப்பிய பூட்ஸ் எல்லாவற்றையும் அலசி, காய வைக்கும் அறையில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். நடுவே சமையலறையில் வெங்காயம் உரிப்பது, ராத்திரி வீட்டு ஞாபகம் வந்து அழும் பத்து வயசுக்காரனிடம் உட்கார்ந்து பேசுவது... இதெல்லாம் சிலபஸில் வராத ப்ராக்டிகல்ஸ்!

பாறை ஏறும்போதும் நீங்கள் கீழேதான். தகுதி பெற்ற பயிற்சியாளர் கயிற்றைக் கவனிப்பார். நீங்கள் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். பாதியில் கை நடுங்கி நிற்கிற பெண்ணைப் பார்த்து 'ஏறு... ஏறு...' என்று கத்தக் கூடாது. 'இன்னும் ஒரே ஒரு கால் மட்டும் வைக்கிறியா? இல்ல, இன்னிக்கு இது போதுமா?' என்று கேட்க வேண்டும். எவ்வளவு உயரம் போவது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்வதுதான் பாடம்.

எல்லாம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து மூணு கேள்வி. என்ன நடந்தது? அதுல என்ன புரிஞ்சது? அடுத்த தடவை என்ன செய்வோம்? இந்த மூணும் இல்லாவிட்டால் அது பிக்னிக். இருந்தால்தான் எஜுகேஷன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வேலை உண்டு. தலை எண்ணுவது. கிளம்பும்போது, ஆற்றைத் தாண்டும்போது, சாப்பிட உட்காரும்போது, திரும்பும்போது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். 'இதுக்கு எதுக்குய்யா வெளிநாடு போகணும், எல்.கே.ஜி. படிச்சவனே எண்ணுவானே' என்று நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றது, அடுத்த இரண்டு சம்பவங்களைப் படித்தபோதுதான்.

என் வயசு... அவங்க வயசு...

1971 நவம்பர். ஸ்காட்லாந்தின் கெயின்கோர்ம் மலை. எடின்பரோ பள்ளி ஒன்றைச் சேர்ந்த 15 வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், அவர்களை அழைத்துப் போன இரண்டு பேர் என மொத்தம் எட்டுப் பேர் மேட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ராத்திரி தங்க வேண்டிய குடிலுக்கு அவர்களால் போய்ச் சேர முடியவில்லை. திறந்த வெளியில், கொட்டுகிற பனியில், இரண்டு இரவுகள். தலைவி தவழ்ந்து தவழ்ந்து உதவி தேடிப் போன நிலையில்தான் மீட்பு ஹெலிகாப்டரின் கண்ணில் பட்டார். அவரும் ஒரு பையனும் மட்டும் பிழைத்தார்கள். ஐந்து பிள்ளைகளும், உதவிக்குப் போன பயிற்சித் தலைவியும் இறந்துபோனார்கள்.

அந்தப் பயிற்சித் தலைவிக்கு வயது 18. பிழைத்த தலைவிக்கு 20. ஒரு கல்லூரி மாணவி. எனக்கும் 20. இதைப் படித்த அன்று ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அவர் ஒன்றும் தெரியாமல் மலைக்குப் போனவரில்லை. தகுதி பெற்றுத்தான் போயிருந்தார். அப்படியும் மலை ஜெயித்துவிட்டது.

இரண்டாவது சம்பவம், 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் விரிகுடா. பிளிமத் நகரத்து மாணவர்கள் எட்டுப் பேர், ஒரு ஆசிரியர், இரண்டு இளம் பயிற்சியாளர்கள் துடுப்புப் படகில் கிளம்பினார்கள். கரையை ஒட்டிச் சின்னதாக ஒரு பயணம், அவ்வளவுதான். காற்று படகுகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. படகுகள் கவிழ்ந்தன. பல மணி நேரம் ஜில்லென்ற தண்ணீரில் கிடந்ததில் நாலு பேர் உயிர் போய்விட்டது. பயிற்சியாளர்கள் இருவரும் வைத்திருந்தது ஆரம்ப நிலைத் தகுதி மட்டுமே. ஆபத்து என்று தெரிவிக்கும் வாணங்கள்கூடக் கையில் இல்லை.

இதில் நெஞ்சைப் பிடுங்கும் விஷயம் இன்னொன்று. அந்த மையத்தில் வேலை பார்த்துவிட்டு விலகியவர்கள், விபத்துக்கு மாதக்கணக்கில் முன்பே, 'இங்கே பாதுகாப்பு சரியில்லை' என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் பிறகு கோர்ட்டில் பேசியது. 1994-ல் நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, அவர் ஜெயிலுக்குப் போனார். 1995-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் சாகச மையங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

பாறை ஏறத் தெரிந்தவனெல்லாம் நல்ல வாலண்டியர் ஆகிவிட முடியாது. 'ஸார், இன்னிக்குக் காத்து சரியில்ல, போக வேணாம்' என்று பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தத் தைரியத்துக்கு எந்த ஊரிலும் சர்ட்டிஃபிகேட் கிடையாது.

பதினஞ்சு பேர்தான் இருந்தோம்!

இது ஏதோ வெள்ளைக்கார ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். போன வருஷம் நாங்கள் ஃப்ரெண்ட்ஸ் பதினாறு பேர் திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை ஏறினோம். இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் செங்குத்துப் பாறை, உச்சியில் கோயில், செம த்ரில். இறங்கும்போது இருட்டிவிட்டது. பாதிப் பேர் செல்லில் சார்ஜ் இல்லை. முதலுதவி என்று எங்களிடம் இருந்தது ஒரு தைல பாட்டில். அடிவாரத்தில் டீ சொல்லும்போதுதான் கிளாஸ் கணக்குக்காக எண்ணினோம். பதினஞ்சு!

கால் பிசகி மேலேயே உட்கார்ந்துவிட்டிருந்தான் ஒருத்தன். மேலேயிருந்து வந்த பக்தர்கள் இரண்டு பேர் அவன் தோளைத் தாங்கி அழைத்து வந்தார்கள். வந்ததும் அவன் திட்டவில்லை, அழவும் இல்லை. 'நான் இல்லைன்னு எப்படா கவனிச்சீங்க?' என்று மட்டும் கேட்டான். யாருமே பதில் சொல்லவில்லை. டீக்காக எண்ணியதை எப்படிச் சொல்வது?

எங்களுக்கு அதிர்ஷ்டம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்குப் போயிருந்தவர்களுக்கு அது இல்லை. காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்தபோது, அந்தந்தக் காட்டுப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்ததை நான் நல்ல மாற்றமாகப் பார்க்கிறேன்.

யாருக்கு யார் உதவி?

இங்கேதான் வெளிநாட்டு வாலண்டியர் விஷயத்தில் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. மலையை நன்றாகத் தெரிந்த உள்ளூர் இளைஞர் இருக்கும்போது, வெளியூரிலிருந்து வருகிற 18 வயசு எதற்கு? 18 வயதுக்காரர்களை அனுப்பித் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பே சில வருடங்களில் பட்டதாரிகள், தொழில் தெரிந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆர்வத்தோடு வருகிறவர்களைவிட வேலை தெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

அதற்காக இளசுகள் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 'நான் உதவப் போறேன்' என்பதைக் கொஞ்சம் மாற்றி, 'நான் கத்துக்கப் போறேன், கத்துக்கற வரைக்கும் எடுபிடியா இருக்கேன்' என்று போனால் எல்லோருக்கும் லாபம். உள்ளூர்ப் பயிற்சியாளரின் வேலையைப் பறிக்காமல், அவர் கைக்கு ஒரு துணைக் கையாக இருக்கலாம்.

காசு விஷயத்திலும் கண் திறந்திருக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்கு நாம்தான் எதிர்ப் பணம் கட்ட வேண்டியிருக்கும் திட்டங்களே அதிகம். இளவரசரை அனுப்பிய ராலே இன்டர்நேஷனல் அறக்கட்டளையே 2022 மே மாதம் பணமில்லாமல் மூடப்பட்டது. பிறகு வேறு கைகளுக்கு மாறி, பெயர் மட்டும் திரும்பி வந்தது. பெயரைப் பார்த்து மயங்காமல், 'நடுவில் நிறுத்தினால் என் பணம் என்ன ஆகும்?' என்று எழுத்தில் கேளுங்கள்.

நாம போக முடியுமா?

முடியும். ஆனால் பொறுமை வேண்டும். பிரிட்டனுக்கு என்றால் 'சாரிட்டி வொர்க்கர்' விசா இருக்கிறது. அதிகபட்சம் 12 மாதம். லைசென்ஸ் உள்ள அறக்கட்டளை ஒன்று உங்களுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். சம்பளம் வாங்கக் கூடாது. 'டூரிஸ்ட் விசாவுல போயி அப்புறம் பாத்துக்கலாம் மச்சி' என்று எவனாவது ஐடியா கொடுத்தால், அவன் நம்பரை பிளாக் பண்ணுங்கள்!

அடுத்த பயம், ரெஸ்யூமே. கேம்பஸ் இன்டர்வியூ ஃபாரத்தில் 'எஜுகேஷன் கேப் இருக்கா?' என்ற கட்டம் நம்மைப் பார்த்து முறைக்கும். சில கம்பெனிகள் ஒரு வருட இடைவெளி வரை விடும், சில அதுவும் விடாது. அதனால் படிப்பு நடுவில் போக நினைத்தால், உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' பகுதியை முதலில் படியுங்கள். ப்ளஸ் டூ முடித்ததும் போவதைவிட, டிகிரியோடு கொஞ்சம் பயிற்சியும் முடித்துப் போவது நமக்கு ஒத்து வரும் என்று எனக்குப் படுகிறது.

பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் நாலு வார அடிப்படைப் பயிற்சி தருகின்றன. முதலுதவியை செஞ்சிலுவைச் சங்கத்திலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலும் கற்கலாம். நீச்சல் தெரியாதா? அதுதான் நாளைக்குக் காலையில் முதல் வேலை. பிரிட்டனில் 'மவுன்டன் லீடர்' தகுதித் தேர்வுக்குப் போவதற்கு முன் குறைந்தது 40 நாள் உருப்படியான மலை நடை அனுபவத்தைக் குறிப்பேட்டில் காட்ட வேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ நீங்கள் இன்றைக்கே பழகத் தொடங்கலாம்.

கிளம்பும் முன் கேளுங்க...

* அங்கே எனக்கு மேலே இருக்கும் பயிற்சியாளரின் தகுதி என்ன? என்னைத் தனியாகப் பிள்ளைகளோடு அனுப்புவீர்களா? ('ஆமாம்' என்றால் அந்த இடமே வேண்டாம்!)

* எனக்கு எத்தனை நாள் பயிற்சி தருவீர்கள்?

* நான் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது? உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள்?

* இன்ஷூரன்ஸில் மலையேற்றமும் படகுப் பயணமும் அடக்கமா?

* பாதுகாப்பு சரியில்லை என்று தோன்றினால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். மழுப்பினால் பெட்டியைப் பிரித்து உள்ளே வைத்துவிடலாம்.

சரி, வெளிநாடு, விசா எல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அடுத்த வாரமே உங்கள் கேங்க் ஏதாவது மலைக்கோ அருவிக்கோ கிளம்பும் இல்லையா? அன்றைக்கு ஒரு காரியம் பண்ணுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எண்ணுங்கள். பாதி வழியில் எண்ணுங்கள். திரும்பும்போது எண்ணுங்கள். 'என்னடா ஸ்கூல் டீச்சர் மாதிரி' என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

நாங்கள் இப்போதெல்லாம் எண்ணுகிறோம். கடைசியில் நடந்து வருவது யார் தெரியுமா? அன்றைக்குக் கால் பிசகினானே, அவன்தான். 'பதினாறு' என்று அவன் பின்னாலிருந்து கத்திய பிறகுதான் நாங்கள் டீயே சொல்கிறோம்!